விண்வெளியிலிருந்து தெரியாத தீபாவளி, தெரிகிற சிவகாசி

ஐப்பசி பிறந்தால் போதும், அந்தப் படம் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும். கறுப்புப் பின்னணியில் இந்திய வரைபடம். அதன் மேல் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று கலர்ப்பொடி தூவின மாதிரி ஒளிப்புள்ளிகள். கங்கைச் சமவெளி முழுக்க ஒரே ஜொலிப்பு. கீழே ஒரு வரி: தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போடுவார், கொஞ்ச நேரத்தில் அலுவலகக் குழுவிலும் யாராவது போட்டுவிடுவார்கள்.

"அது பொய்ப்படம்னு எப்பவோ சொல்லிட்டாங்களே, இன்னுமா?" என்று கேட்பீர்கள். உண்மைதான், பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் பொய் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குப் போதவில்லை. இவ்வளவு பேருக்குப் பிடித்த ஒரு படத்தை, ஒரு சினிமாவையோ ஓவியத்தையோ பார்ப்பது போல உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? அது எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது, நாம் ஏன் அதை நம்ப ஆசைப்படுகிறோம்? நான் விருதுநகர்க்காரன். அந்த ஒளியெல்லாம் பட்டாசு என்றால், அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் செய்தது. அதனால் இந்தப் படத்தோடு எனக்குக் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

படத்தின் ஜாதகம்

இந்தப் படம் கணினியில் யாரோ விளையாட்டாக வரைந்தது இல்லை, அசல் அறிவியல் படம். கீழே இருக்கும் வரிதான் பொய்.

அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள்கள் பல வருஷமாகப் பூமியின் இரவு வெளிச்சத்தைப் பதிவு செய்துவந்தன. அந்தப் பதிவுகளை எடுத்து, அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003-ல் இந்தப் படத்தை உருவாக்கினார். நகரங்களும் மக்கள்தொகையும் எப்படிப் பெருகுகின்றன என்று காட்டுவது அவர் நோக்கம். 1992-க்கு முன்பே வெளிச்சம் இருந்த இடங்கள் வெள்ளை. 1992-ல் புதிதாகத் தெரிந்தவை நீலம். 1998-ல் தெரிந்தவை பச்சை. 2003-ல் தெரிந்தவை சிவப்பு.

அதாவது அந்தக் கலர்கள் வருஷங்களைக் குறிக்கின்றன. பச்சைப் புள்ளி என்றால் 1998 வாக்கில் அந்த ஊருக்குத் தெருவிளக்கோ கடைவீதியோ மின்சார வெளிச்சமோ பெருகி வந்தது என்று அர்த்தம். ஒரு நாடு பத்துப் பதினைந்து வருஷத்தில் எப்படி வெளிச்சத்துக்குள் வந்தது என்று சொல்லும் படம் அது. யோசித்துப் பார்த்தால் அதுவே பெரிய ஆச்சரியம்தான். ஆனால் பதினைந்து வருஷக் கதையை ஒரே ராத்திரிக் கதையாகச் சுருக்கினால்தான் பார்வர்டு ஆகும் போல.

படத்துக்குள்ளேயே இருந்த சாட்சி

நாசா வந்து விளக்கம் சொல்வதற்கு முன்பே, படத்தை நிதானமாகப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

முதல் விஷயம், எல்லை. தீபாவளியால்தான் இந்த ஜொலிப்பு என்றால், எல்லை தாண்டி பாகிஸ்தான் பக்கமும் ஏன் ஜொலிக்கிறது?

இரண்டாவது, மேகம். ஐப்பசி என்றாலே அடைமழை. தீபாவளிக்கு முந்தின நாள் மாடியில் வெடியைக் காயவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அனுபவம் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் இல்லை? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரே இரவில் எடுத்த படம் என்றால், தென்பகுதியில் எங்காவது மேகம் வெளிச்சத்தை மறைத்திருக்க வேண்டும். இந்தப் படத்திலோ காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை துடைத்துவிட்ட வானம்.

மூன்றாவது, நேரம். எனக்கு இதுதான் முக்கியம். நம்ம ஊர்த் தீபாவளி ராத்திரிப் பண்டிகையா? விடியற்காலையில் எழுப்பி, தலையில் எண்ணெய் வைத்து, கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டு, இருட்டு பிரிவதற்குள் முதல் சரத்தைப் பற்றவைப்பதுதான் இங்கே வழக்கம். வரிசையாக விளக்கேற்றுவது கார்த்திகைக்கு. உச்ச நீதிமன்றம் 2018-ல் இரவு 8 முதல் 10 வரை மட்டும்தான் வெடிக்கலாம் என்றபோது, எங்களுக்குக் காலையில் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு போய்க் கேட்டது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இப்போது பிரித்து அறிவிப்பதற்கு அதுதான் காரணம். படத்தின் கீழே உள்ள வரி, வடக்கே கொண்டாடும் தீபாவளியை நாடு முழுவதுக்குமாக விரித்துவிட்டது. சேலத்துக்காரரும் திருநெல்வேலிக்காரரும் அதைப் பெருமையாகப் பகிரும்போது, தங்கள் பண்டிகையின் நேரமே அதில் இல்லை என்பதைக் கவனிப்பதில்லை.

செயற்கைக்கோள் பார்த்த நிஜ இரவு

2012-ல் நாசாவின் பூமி ஆய்வுத் தளம் ஒரு நல்ல காரியம் செய்தது. இது பொய் என்று சொன்னதோடு நிற்காமல், நிஜப் படம் ஒன்றையும் போட்டது. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 13. முந்தின நாளான 12-ம் தேதி சுவோமி என்பிபி என்ற செயற்கைக்கோள் தெற்காசியாவை எடுத்த இரவுப் படம் அது. நகர வெளிச்சம் தெளிவாகத் தெரிவதற்காகக் கொஞ்சம் பிரகாசம் கூட்டியிருந்தார்கள். அப்படியும் அது சாதாரண இரவு மாதிரிதான் இருந்தது. தீபாவளியால் கூடும் வெளிச்சம் மிகவும் சொற்பம், விண்வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வாய்ப்பில்லை என்று அதன் விளக்கம் சொன்னது.

ஏன் தெரியாது? அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 824 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரு இடத்தை அது கடப்பது உள்ளூர் நேரப்படி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். அந்த நேரத்தில் தெருவில் வெடித்த குப்பைதான் கிடக்கும். அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது முக்கால் கிலோமீட்டர் சதுரம். ஒரு புஸ்வாணம் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் தெருவிளக்குகளோ ராத்திரி பூராவும் எரிகின்றன.

பண்டிகை வெளிச்சமே விண்வெளியில் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. அதே செயற்கைக்கோளின் பதிவுகளை வைத்து மிகெல் ரோமன், எலினோர் ஸ்டோக்ஸ் ஆகியோர் செய்த ஆய்வின் முடிவுகள் 2014 டிசம்பரில் வந்தன. கிறிஸ்துமஸ் காலத்தில் பல அமெரிக்க நகரங்கள் 20 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாக ஒளிர்ந்தன. ரமலான் மாதத்தில் மத்தியக் கிழக்கின் சில நகரங்களில் 50 சதவீதத்துக்கும் மேல். அவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும் வெளிச்சம். ஒரு வருஷ உழைப்பை ஒரு நாளில் கொளுத்திவிடும் பண்டிகையை அந்தக் கண் பிடிக்க முடியாது. தீபாவளியின் அழகே அது சட்டென்று முடிந்துபோவதில்தானே இருக்கிறது?

பச்சைக்கு என்ன அர்த்தம்?

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி. வருஷங்களைக் குறிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தைப் பார்த்ததும் நமக்கு ஏன் பட்டாசு ஞாபகம் வந்தது? சின்ன வயசிலிருந்து நம் கண்ணைப் பட்டாசு அப்படிப் பழக்கிவைத்திருக்கிறது.

பட்டாசிலும் கலர் ஒரு குறியீடுதான். அங்கே அது தனிமத்தைக் குறிக்கும். சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம். பச்சை என்றால் பேரியம். மஞ்சள் சோடியம். நீலம் செம்பு. இந்த நீலம்தான் கொண்டுவரச் சிரமமானது. சூடு கொஞ்சம் கூடினாலும் நீலத்தைத் தரும் செம்புச் சேர்மம் சிதைந்து நிறம் வெளிறிவிடும். நல்ல நீலம் வந்தால் ஃபோர்மேனுக்குக் கை தட்டலாம்.

இதே குறியீட்டை வைத்துத்தான் மனிதன் வானத்தைப் படிக்கக் கற்றான். 1859, 1860 வாக்கில் ஜெர்மனியில் புன்செனும் கிர்க்காஃபும், ஒவ்வொரு தனிமமும் சூடானால் தனக்கென்று சில நிறக்கோடுகளைத்தான் காட்டும் என்று நிறுவினார்கள். எட்டே வருஷத்தில், 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை குண்டூரிலிருந்து ஜான்சனும் மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தார்கள். அந்தக் காலத்து அவதானிப்புகளில் அகப்பட்ட, யாருக்கும் அடையாளம் தெரியாத மஞ்சள் கோடுதான் பிறகு ஹீலியம் ஆனது. பேரியத்துக்கும் வானத்தில் வீடு உண்டு. வயதான பெருநட்சத்திரங்களின் உள்ளே அது மெதுமெதுவாக உருவாகிறது. வழக்கத்தைவிட அதிகமாகப் பேரியக் கோடு காட்டும் நட்சத்திரங்களை 1951-ல் பிடெல்மனும் கீனனும் தனி வகையாகப் பிரித்தார்கள். பேரியம் நட்சத்திரங்கள் என்றே அவற்றுக்குப் பெயர்.

இந்த மாதிரித் தகவல் கிடைத்தால் நாம் எல்லோரும் ரசிப்போம், நானும்தான். நாம் நட்சத்திரத் துகள் என்று ஒரு வரி எழுதிப் பகிர்ந்துவிடுவோம். ஆனால் அதே பேரியம் சாத்தூர் பக்கத்து ஒரு செட்டுக்குள் வந்ததும் நம் ஆர்வம் வற்றிவிடுகிறது.

அங்கே பேரியம் நைட்ரேட் வெறும் பச்சைக்காக மட்டும் வரவில்லை. எரிவதற்கான ஆக்சிஜனைக் கொடுப்பதும் அதுதான். சாதாரணக் கம்பி மத்தாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சையே கிடையாது, இரும்புத் தூளும் அலுமினியமும் தெறிக்கும் வெள்ளையும் பொன்னும்தான். ஆனாலும் அதன் மருந்தில் பேரியம் நைட்ரேட் முக்கியச் சரக்கு. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, சரவெடியையும் சேர்த்துத் தடுத்தபோது, பச்சைக் கலர் போகப்போகிறது, அவ்வளவுதானே என்று வெளியே நினைத்தவர்கள் உண்டு. சிவகாசியில் ஆலைகளை மூடிவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். குழந்தை கையில் கொடுக்கும் கம்பி மத்தாப்பு வரைக்கும் அந்தத் தடை பாய்ந்தது என்பதுதான் விஷயம். அதற்கு நாக்பூரிலிருக்கும் நீரி நிறுவனம் கொண்டுவந்த மாற்றுக்குப் பெயர் என்ன? பசுமைப் பட்டாசு! பச்சை தரும் உப்பை எடுத்துவிட்டு அதற்குப் பச்சை என்றே பெயர் வைத்த விசித்திரத்தை என்னவென்று சொல்ல.

தடை சரியா தவறா என்பது இந்தப் பதிவின் பொருள் இல்லை. டெல்லியின் மூச்சுக்கும் வெம்பக்கோட்டையின் வயிற்றுக்கும் நடுவே எளிதான தீர்ப்பு எதுவும் என்னிடம் கிடையாது. நான் சொல்ல வருவது வேறு. ஒளியைப் பார்க்கும்போது அது எதனால் ஆனது, யார் கையால் ஆனது என்று கேட்காத பழக்கம்தான் அந்தப் பொய்ப் படத்தையும் உயிரோடு வைத்திருக்கிறது.

பகல் படம்

இப்போது இன்னொரு படத்துக்குப் போவோம். இதுவும் விண்வெளியிலிருந்து எடுத்ததுதான், நிஜம், போனிலேயே இருக்கிறது. மேப்பைத் திறந்து செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிவகாசியிலிருந்து கிழக்கே சாத்தூர் பக்கம், இல்லையென்றால் தெற்கே வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை பக்கம் மெதுவாக நகர்த்துங்கள்.

கரிசல் மண், சீமைக்கருவேலக் காடு, வறண்ட ஓடை. நடுவே வேலி போட்ட ஒரு பெரிய செவ்வகம். அதற்குள் சின்னச் சின்ன வெளிர்க் கட்டங்கள், ஒன்றையொன்று தொடாமல், வரிசை பிடித்து. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வெற்றிடம், சில இடத்தில் மரம், மண்ணில் கோடு போட்ட நடைபாதை. கொஞ்சம் தள்ளி இன்னொரு செவ்வகம், அதற்கப்புறம் இன்னொன்று. முதல் தடவை பார்க்கிறவருக்கு இது கோழிப்பண்ணையா, ஏதாவது முகாமா என்று சந்தேகம் வரும். வேறு எந்தத் தொழிற்சாலையும் மேலிருந்து பார்க்க இப்படி இருக்காது. சிவகாசி ஊருக்குள் இருக்கும் அச்சகங்களைப் பாருங்கள், இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டிக் கூரைகள். பட்டாசு ஆலை மட்டும் தன்னைத்தானே துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த இடைவெளிதான் இந்தப் படத்தின் பொருள். ஒரு அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காகச் சட்டம் கட்டாயப்படுத்திய வெற்றிடம் அது. மருந்து கலக்க ஒரு அறை, செலுத்த ஒரு அறை, காயவைக்க உலர்மேடை, சரக்கு வைக்கத் தனிக் கட்டடம். ஒரு அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தள்ளினால் ஓடிவிட வசதியாக. விபத்து வரும் என்று எதிர்பார்த்தே கட்டிய கட்டடக்கலை. 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டம், 1940-ம் வருஷத்து விதிகள், 2008-ல் வந்த விதிகள் என்று எழுத்தில் இருந்ததெல்லாம் கரிசல் மண்ணில் கட்டம் கட்டமாக இறங்கியிருப்பதை மேலிருந்து படிக்க முடிகிறது. இந்த மண்ணுக்கு இந்தத் தொழில் வந்ததற்கு மழை குறைவு ஒரு காரணம், காய வேண்டிய தொழில் அல்லவா. 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் காலத்திலிருந்து நூறு வருஷமாக வெயிலை நம்பி நடக்கும் ஊர் இது.

பகல் படமும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. அந்தக் கட்டத்துக்குள் நான்கு பேர் இருக்கிறார்களா, பத்துப் பேரா? அது தெரியாது. ஆடிப்பெருக்கில் பூஜை போட்டு வியாபாரம் தொடங்கி, ஆர்டர் குவிந்து, தீபாவளி நெருங்கும்போது அறைக்கு வெளியே மரத்தடியிலும் சிலர் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். மரத்தின் நிழல் அதை மறைத்துவிடும். டிஆர்ஓ லைசன்ஸா, சென்னை லைசன்ஸா, நாக்பூர் லைசன்ஸா என்று கூரையில் எழுதியிருக்காது. லைசன்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்குப் பிரித்து விட்டிருந்தாலும் மேலிருந்து பார்த்தால் அதே வெளிர்க் கட்டம்தான்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் செத்துப்போனார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். உள்குத்தகை, அளவுக்கு மீறிய ஆட்கள், மணிமருந்தில் உராய்வு என்று ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள் செய்தியில் வரும். இடைவெளி என்ற ஒரே பாதுகாப்பை ஆசையும் அவசரமும் தின்றுவிட்ட கதைதான் ஒவ்வொன்றும்.

தங்கம் தலைப்பு, சங்கு குப்பை

மேப்பை மூடிவிடாமல் வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரைக்கு வாருங்கள். அங்கே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சிலிருந்து மாநிலத் தொல்லியல் துறை கட்டம் கட்டமாக அகழாய்வு செய்தது. முதல் இரண்டு கட்ட ஆய்விலேயே 7,900-க்கு மேற்பட்ட பொருள்கள். செய்திகளில் எது தலைப்பாக வந்தது? தங்க அணிகலன், காளை உருவம் செதுக்கிய சூதுபவளம். பளபளக்கிறவை.

அங்கே ஏராளமாகக் கிடைத்தது சங்கு வளையல்கள், பெரும்பாலும் உடைந்த துண்டுகள். அதாவது இந்த மேட்டில் சங்கை அறுத்து, தேய்த்து, வளையல் செய்த பட்டறைகள் இருந்திருக்கின்றன. கடல் இங்கிருந்து நல்ல தூரம். சங்கு அங்கிருந்து இங்கே வந்து, வளையலாகி வேறு எங்கோ போயிருக்கிறது. என் கணக்கில் அந்த உடைசல்தான் பெரிய கண்டுபிடிப்பு. தங்கம் ஒருவர் அணிந்ததைச் சொல்லும், உடைந்த சங்கு ஊரே உட்கார்ந்து செய்த வேலையைச் சொல்லும். அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மண், ஒரே கைத்திறன் என்று உருகி எழுத எனக்கு விருப்பமில்லை. நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள். ஆனால் பார்க்கிறவர்களான நம் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தங்கத்தை வைத்துக்கொண்டு உடைசலை ஒதுக்குகிறோம், ஒளியைப் பகிர்ந்துவிட்டு செட்டை மறந்துவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான படங்களும் உண்டு, பத்திரிகைகளில் வருபவை. அலுமினியப் பொடி படிந்து வெள்ளிச் சிலை மாதிரி நிற்கும் ஒரு பெண், இல்லையென்றால் வெள்ளிக் கைகள் மட்டும். அழகான படங்கள்தான். அதுதான் பிரச்சினையும். அந்தக் கைக்காரர் எந்த அறையில், எத்தனை பேரோடு, என்ன கூலிக்கு உட்கார்ந்திருந்தார் என்ற கேள்வியைப் பளபளப்பு அங்கேயும் மூடிவிடுகிறது.

இந்த வருஷமும் அந்த இரவுப் படம் வரும். "பொய்" என்று பதில் போட்டால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். அதற்குப் பதிலாக மேப்பில் சாத்தூர் பக்கத்து ஒரு செவ்வகத்தை எடுத்து அனுப்பிப் பாருங்கள். இது என்ன சித்தப்பா, சொல்லுங்க பார்ப்போம் என்று கேளுங்கள். அந்த வெளிர்க் கட்டங்களுக்கு நடுவே ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று குழுவில் ஒருவராவது கேட்டுவிட்டால் எனக்குப் போதும்.